மாரமங்கலத்துக்கு எப்போது வரும் இந்தச் சட்டம்?

சென்னையில் பெருநிறுவனங்களுக்குத் தொழிலாளர் சட்ட ஆலோசனை சொல்லும் மூத்த வழக்கறிஞர்களின் மேசையில் இப்போது ஒரு புதிய கணக்கு இருக்கிறது. பணியிடப் பாலியல் துன்புறுத்தல் குறித்து எத்தனை புகார்கள் வந்தன, எத்தனை தீர்ந்தன, 90 நாள் தாண்டியும் நிலுவையில் எத்தனை என்று இயக்குநர் குழு அறிக்கையில் நிறுவனங்கள் சொல்லியாக வேண்டும். 2025 ஜூலை முதல் இது கட்டாயம். நல்ல மாற்றம், வரவேற்கிறோம்.

ஆனால் சேலம் மாவட்டம் ஏற்காடு தாலுகாவின் மாரமங்கலத்தில், சிறிய காப்பித் தோட்டத்தில் மிளகு பறிக்கும் மலையாளிப் பழங்குடிப் பெண்ணுக்கு இயக்குநர் குழு ஏது? பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடங்களுக்குப் பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013 சட்டம் மாவட்ட உள்ளூர்க் குழுவைக் காட்டுகிறது. பழங்குடிப் பகுதியில் தாலுகாதோறும் ஒரு பொறுப்பு அலுவலர் வேண்டும், அவர் 7 நாளில் புகாரைக் குழுவுக்கு அனுப்ப வேண்டும் என்றும் சொல்கிறது. உள்ளூர்க் குழுக்களை 2025 ஜனவரிக்குள் அமைக்க உச்ச நீதிமன்றம் கெடு விதித்தது. இந்தச் சட்டத்துக்கு வழிவகுத்த, உச்ச நீதிமன்றத்தின் விசாகா தீர்ப்பே 1992இல் ராஜஸ்தான் கிராமப் பெண் ஒருவருக்கு நேர்ந்த கொடுமையில் பிறந்தது. கிராமத்துப் பெண்ணின் கண்ணீரில் வந்த சட்டம் நகரத்து அலுவலகங்களோடு நின்றுவிடுவது பெரும் அநீதி.

புகார் கொடுக்கப் பொதுவாக மூன்று மாதமே அவகாசம். மேஸ்திரியைப் பகைத்தால் நாளைய கூலி போகும் என்ற அச்சத்தில் அது ஓடிவிடும். மாவட்ட ஆட்சியர் தாலுகாவின் பொறுப்பு அலுவலரின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் ஊராட்சி அலுவலகச் சுவரிலும் ரேஷன் கடையிலும் எழுதிவைக்கட்டும். பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி உண்டு. சேலத்து வழக்கறிஞர்கள் மலையேறி வந்து அதைச் சொல்லட்டும்.