மெட்டு ஒருவரது, பெயர் இன்னொருவரது

அமெரிக்காவில் பிரிஸ்டல் இரண்டு மாநிலங்களுக்குப் பொதுவான ஊர். கடைவீதியின் ஒரு பக்கம் டென்னஸி, எதிர்ப்பக்கம் வர்ஜீனியா. 1927 ஜூலைக் கடைசியில் விக்டர் இசைத்தட்டு கம்பெனிக்காக ரால்ஃப் பியர் என்பவர் ஒலிப்பதிவுக் கருவிகளோடு இங்கு வந்திறங்கினார். தொப்பிக் கம்பெனி ஒன்றின் கட்டடம் ஸ்டுடியோ ஆனது. பன்னிரண்டு நாட்களில் 19 குழுக்கள் 76 பாடல்களைப் பதிவு செய்தன. ‘கன்ட்ரி’ இசையின் பிறப்பிடம் என்று 1998இல் அமெரிக்க நாடாளுமன்றமே பிரிஸ்டலுக்குப் பட்டம் கொடுத்தது.

ஆனால் பாட்டு அதற்கு முன்பே அப்பலேச்சியன் மலைக் கிராமங்களில் தலைமுறைகளாக வாழ்ந்துகொண்டிருந்தது. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, அயர்லாந்து நாடுகளிலிருந்து குடியேறியவர்கள் கதைப்பாடல்களையும் பிடிலையும் கொண்டுவந்தார்கள். பாஞ்சோவின் மூதாதை, அடிமைகளாக்கப்பட்ட ஆப்பிரிக்கர்களின் சுரைக்குடுக்கை வாத்தியம். வெள்ளையரும் கறுப்பரும் ஒருவரிடமிருந்து மற்றவர் கற்றுக்கொண்டார்கள். இசைத்தட்டு கம்பெனிகள்தான் கறுப்பர் பாட்டுக்கு ஒரு பட்டியல், மலைநாட்டு வெள்ளையர் பாட்டுக்கு இன்னொன்று என்று கோடு கிழித்தன.

அந்தக் கோட்டில் காணாமல் போனவர் லெஸ்லி ரிடில். பிரிஸ்டலில் பாடிப் புகழ்பெற்றது கார்ட்டர் குடும்பம்: ஏ.பி. கார்ட்டர், மனைவி சாரா, தம்பி மனைவி மேபெல். ஒரு பாட்டுக்கு 50 டாலர் தந்த பியருக்கு, காப்புரிமை பதிவு செய்யத்தக்க பாடல்கள் தொடர்ந்து தேவைப்பட்டன. ஏ.பி. ஊர் ஊராகத் தேடிப் புறப்பட்டார். 1928 வாக்கில் டென்னஸியின் கிங்ஸ்போர்ட்டில் ரிடிலைச் சந்தித்தார். விபத்தில் ஒரு காலை இழந்த கறுப்பின கிதார் கலைஞர் அவர்.

வெள்ளையரும் கறுப்பரும் ஒரே மேஜையில் அமர உணவு விடுதிகள் இடம் தராத காலம். இருவரும் சேர்ந்தே பயணம் செய்தார்கள். யாராவது பழைய பாட்டொன்றைப் பாடினால் ஏ.பி. சொற்களை எழுதிக்கொள்வார். மெட்டை மனதில் பிடித்துக்கொள்வது ரிடிலின் வேலை. மேபெலும் அவரிடம் கிதார் நுணுக்கங்கள் கற்றார். பின்னாளில் எத்தனையோ கலைஞர்கள் பின்பற்றியது மேபெலின் வாசிப்பைத்தான்.

இசைத்தட்டுகளில் அச்சானது ஏ.பி. கார்ட்டர் பெயர். அவர் அலைந்திராவிட்டால் பல பாடல்கள் பாடியவர்களோடே மறைந்திருக்கும் என்பதும் உண்மை. ஆனால் ரிடிலுக்குப் பெயரும் இல்லை, பங்கும் இல்லை. 1942இல் நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் நகருக்குக் குடிபெயர்ந்த அவர், இசையிலிருந்தும் ஒதுங்கினார். மேபெல் சொல்லித் தெரிந்துகொண்ட பாடகர் மைக் சீகர் 1965இல் அவரைத் தேடிப் பிடித்துப் பாடவைத்தார். அந்தப் பதிவுகள் ஆல்பமாக வெளிவந்தது 1993இல். அப்போது ரிடில் உயிரோடு இல்லை.

நாட்டுப்புறப் பாட்டுக்கு ஆசிரியர் கிடையாது என்பார்கள். காப்புரிமைப் படிவத்தில் மட்டும் ஒரு பெயரை எழுதியே ஆகவேண்டும்.