கூடம் நிஜமாகவே கோணலாக இருந்தால்?

"வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம்" என்பார்கள். "ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்" என்றும் சொல்வார்கள். இரண்டு பழமொழியும் திறமைக்கே ஓட்டுப் போடுகின்றன. சரி, கூடம் நிஜமாகவே கோணலாக இருந்தால்? அதற்கு இரண்டிலும் பதில் இல்லை.

இப்படி யோசிக்க வைத்தவன் கல்லூரியில் படிக்கும் என் பேரன். ஸ்ட்ரீட் ஃபைட்டர், டெக்கன் என்று டிவியில் ஆடும் சண்டை விளையாட்டுகள் இருக்கின்றன அல்லவா, அதில் பைத்தியம் அவனுக்கு. இரண்டு பேர் ஆளுக்கொரு கேரக்டரைத் தேர்ந்தெடுத்து மோத வேண்டும். எந்த அடி எவ்வளவு வேகம், எவ்வளவு தூரம் எட்டும் என்பதெல்லாம் விளையாட்டைச் செய்த கம்பெனி வைத்த கணக்கு. ஒரு நொடியை 60 பங்காக்கி, ஒவ்வொரு அடிக்கும் இத்தனை பங்கு என்று எழுதி வைத்திருக்கிறார்கள். ஆடுபவன் அதை மாற்ற முடியாது. எப்போது எந்த அடி என்பது மட்டும்தான் அவன் கையில்.

தோற்றால் பேரன் சொல்வது ஒன்றுதான். "தாத்தா, அவன் எடுத்த கேரக்டர் ரொம்ப ஸ்ட்ராங். நான் என்ன பண்றது?"

இது சாக்கா, நியாயமா?

ஆட்டக்காரர்களே இதற்கு ஓர் அட்டவணை போட்டு வைத்திருக்கிறார்கள். இந்த கேரக்டருக்கு எதிராக அந்த கேரக்டர் 7-3 என்றால், சம திறமை உள்ள இருவர் பத்து ஆட்டம் ஆடினால் ஒருவருக்கு ஏழு, மற்றவருக்கு மூன்று. "சம திறமை" என்ற அந்த இரண்டு சொல்லைத்தான் எல்லோரும் வசதியாக மறந்துவிடுகிறார்கள். நண்பர்களுக்குள் ஆடும்போது திறமையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் இருக்கும். அங்கே இந்த 7-3 எடுபடாது.

இந்த விளையாட்டுகளில் மிகப் பிரபலமான ஆட்டம் 2004ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஈவோ போட்டியில் நடந்தது. ஜப்பானின் டைகோ உமெஹாரா கென்னை எடுத்திருந்தார். அமெரிக்காவின் ஜஸ்டின் வோங் எடுத்தது, கென்னைவிட வலுவானதாகக் கருதப்பட்ட சுன்லி. டைகோவுக்கு உயிர் நூலிழையில் இருந்தது. சாதாரணமாகத் தடுத்தாலே அந்த உரசலில் செத்துவிடுவார். சுன்லி சரமாரியாக உதைக்க, 15 உதைகளையும் ஒவ்வொன்றாக, அது படும் கணத்தில் தட்டிவிட்டுத் திருப்பி அடித்து வென்றார் டைகோ. அப்படித் தட்டிவிடும் வசதி அந்த விளையாட்டில் எல்லா கேரக்டருக்கும் உண்டு. ஆகவே அன்று ஜெயித்தது கென் அல்ல, டைகோவின் கை.

கதையை இதோடு நிறுத்திவிடுவார்கள். அன்றைய இறுதி ஆட்டத்தில் டைகோ தோற்றார். வென்றவர் எடுத்திருந்தது யுன். அதுவும் பட்டியலின் உச்சியில் சொல்லப்படும் கேரக்டர்தான்.

நான் முப்பத்தைந்து வருடம் லேத் ஓட்டியவன். திருகில் பிளே விழுந்த பழைய மெஷினிலும் அளவு பிசகாமல் கடைந்து கொடுக்கும் கைகாரர்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அவருக்குச் சமமான இன்னொருவர் புது மெஷினில் நின்றால், சாயங்காலம் எண்ணும்போது உருப்படிகள் அந்தப் பக்கம்தான் அதிகம் இருக்கும். கை சமமாக இருக்கும் இடத்தில்தான் மெஷின் பேசும்.

கூடம் கோணலான சம்பவங்களும் உண்டு. 1994இல் வந்த சூப்பர் ஸ்ட்ரீட் ஃபைட்டர் டூ டர்போவில் அகுமா என்று ஒளித்து வைக்கப்பட்ட ஒரு கேரக்டர். ஆகாயத்திலிருந்தே நெருப்புப் பந்து வீசும். பெரும்பாலான போட்டிகளில் அதற்குத் தடை போட்டார்கள். டெக்கன் 7இல் 2019 டிசம்பரில் லீராய் என்று ஒரு கிழவர் வந்தார். அடுத்த மாதமே ஜப்பானில் நடந்த ஈவோவில் கடைசி எட்டுப் பேரில் பெரும்பாலோர் கையில் லீராய், கோப்பை வென்றவர் கையிலும் லீராய். பிறகு கம்பெனியே அவருடைய பலத்தைக் குறைத்தது. அந்த எட்டுப் பேரும் ஆடத் தெரியாதவர்களா? நன்றாகத் தெரிந்ததால்தான் எது வலுவென்று கண்டுபிடித்தார்கள்.

எனவே என் தீர்ப்பு இரண்டு பங்கு. தோற்ற பிள்ளைக்கு ஒரு பரீட்சை: "எதிராளியின் கேரக்டரை நீ எடுத்துக்கொள், உன்னுடையதை அவனுக்குக் கொடு. அப்போதும் தோற்றால் போய்ப் பழகு. ஜெயித்தால் உன் புகாரைக் காது கொடுத்துக் கேட்கிறேன்." போட்டி நடத்துபவர்களுக்கு வேறு பரீட்சை: கெட்டிக்காரர்கள் எல்லோரும் மற்றதை விட்டுவிட்டு ஒன்றையே எடுக்கிறார்களா? அப்படியானால் பழமொழி சொல்லாமல் கூடத்தை நிமிர்த்துங்கள்.

நம் வயதுக்காரர்களுக்கும் இது பொருந்தும். "திறமை இருந்தா எங்கேயும் முன்னுக்கு வரலாம்" என்று பிள்ளைகளிடம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். புல்லை ஆயுதமாக்கிய வல்லவன் ஒருவனை உதாரணம் காட்டிவிட்டு, மற்றவர்கள் கையிலும் புல்லையே கொடுத்து அனுப்புவது நியாயமில்லை.