பேச்சுப் பயிற்சி வீட்டுக்கே வரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

பல்லடம், அவிநாசி வட்டாரங்களில் வீடு தேடிச் சென்று குழந்தைகளுக்குப் பேச்சுப் பயிற்சி அளித்து வருகிறேன். முதல்வர் காப்பீட்டுத் திட்டத்தில் காது கேளாத சிறு குழந்தைகளுக்கு காக்ளியர் கருவி இலவசமாகப் பொருத்தப்படுவது பெரிய உதவி. ஆனால், கருவி ஒலியைத்தான் தரும். பேச்சு தொடர் பயிற்சியால்தான் வரும். பனியன் கம்பெனியில் ஷிப்ட் பார்க்கும் தாய், பயிற்சிக்காகப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நகரத்துக்கு வந்தால் அன்றைய சம்பளம் போய்விடும். அதனால் பலர் பாதியிலேயே நின்றுவிடுகிறார்கள்.

வீட்டுக்கே போனால் நிலைமை மாறுகிறது. கட்டிங் வேஸ்ட் துணிக்கடியில் பொம்மையை ஒளித்துவைத்து, "எங்கே?" என்று கேட்டு, குழந்தை வாய் திறக்கும்வரை காத்திருக்க அம்மாவும் பாட்டியும் சீக்கிரமே பழகிக்கொள்கிறார்கள். விசைத்தறிச் சத்தம் கேட்கும் வீடுகளில், தறி நிற்கும் நேரம் பார்த்துப் பயிற்சியை வைத்துக்கொள்கிறோம். ஒடிசா, பீகாரிலிருந்து வேலைக்கு வந்த குடும்பங்களிடம், பிள்ளையோடு தாய்மொழியிலேயே நிறையப் பேசச் சொல்கிறேன்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பேச்சு, மொழிக் குறைபாட்டையும் மாற்றுத்திறன் வகைகளில் ஒன்றாக ஏற்றிருக்கிறது. எனவே, மாவட்ட நிர்வாகம் ஒன்றியம்தோறும் வீடு தேடிச் செல்லும் பயிற்சியாளர்களைப் போதிய அளவில் நியமிக்க வேண்டும். கம்பெனி உரிமையாளர்களும் இந்தத் தாய்மார்களுக்கு வாரம் அரைநாள் சம்பளத்துடன் விடுப்பு தர முன்வர வேண்டும்.

– பேச்சுப் பயிற்சியாளர் ஒருவர், பல்லடம்