லேசருக்கு முதல் ஒரு தொப்பி

லிங்கநகரில் எங்களுக்குத் தெரிந்த ஒரு மாமி இருக்கிறா. 30 வருசமாகக் கருவாடு போடுறா. விடிய மீன் வெட்டி உப்புப் போட்டால், வெயில் ஏற ஏறப் புரட்டிப் போட வேண்டும். உச்சி வெயில்தான் அவவின்ட வேலை நேரம். போன வருசம் மகளுக்குக் கலியாணம் சரிவந்தது. வெளிநாட்டில் இருக்கிற தம்பி காசு அனுப்பி, "அக்கா, அல்பத்தில நீங்களும் வடிவா நிக்க வேணும்" எண்டு சொன்னார். மாமியின் இரண்டு கன்னத்திலும் கறுப்புப் படை. பேஸ்புக்கில் ஒரு விளம்பரம்: லேசர் அடித்தால் பத்து வயது குறையுமாம். போனா. முகம் எரிந்து, சிவந்து, தோல் உரிந்தது. ஒரு மாதம் கழிய, படை முன்பைவிடக் கறுப்பாக, அகலமாகத் திரும்பி வந்தது.

கலைப்பீடத்தில் படிக்கிற ஆக்கள் எண்டபடியால் எங்களுக்கு உடனே ஒரு கட்டுரை மனதில் வந்திட்டுது. அழகுச் சந்தை, வெள்ளைத்தோல் மோகம், விளம்பரம்... உங்களுக்கும் வந்திருக்கும். ஆனால் தேடி வாசிக்க வாசிக்க அந்தக் கட்டுரை பிழைத்துப் போச்சுது. லேசர் ஏமாற்று வேலை இல்லை.

1990களில் முகத்துக்கு அடித்த லேசர்கள் மேல்தோலை முழுசாக எரித்து எடுத்தன. பலன் பெரிசு, வேதனையும் பெரிசு: ஒன்றிரண்டு வாரம் திறந்த புண், மாதக்கணக்கில் சிவப்பு, சிலருக்கு நிறமே திரும்பாத வெளிறல். 2004இல் (எங்களில் பலர் தவழ்ந்த வருசம், சுனாமி வருசம்) அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில் டீற்றர் மன்ஸ்ரைன், ரொக்ஸ் அண்டர்சன் ஆகியோரின் குழு வேறொரு வழியை எழுதியது. ஒளியை நுண்ணிய புள்ளிகளாகப் பிரித்து அடிப்பது. ஒவ்வொரு புள்ளியும் தலைமயிரின் தடிப்பளவில் ஒரு சூட்டுத் தூணாகத் தோலுக்குள் இறங்கும். தூண்களுக்கு இடையில் உள்ள தோல் தொடப்படாமல் இருக்கும். ரோட்டை முழுசாகக் கிண்டிப் போட்டுவிட்டு மாதக்கணக்கில் மறந்துபோவதற்கும், போக்குவரத்தை நிறுத்தாமல் இடையிடையே துளைபோட்டுத் திருத்துவதற்கும் உள்ள வித்தியாசம்தான். (முதல் வகை ரோட்டை எங்களுக்கு நன்றாகத் தெரியும்.) காயம் படாத தோலில் இருந்து புதுக் கலங்கள் வந்து துளையை மூடும். கீழே புதுக் கொலாஜன் உண்டாகும். வெயில் வருசக்கணக்காக அறுத்து வைத்தது அந்தக் கொலாஜனைத்தான். சுருக்கம் மெலியும், தோல் கொஞ்சம் இறுகும். ஒரு தடவையில் முடியாது, ஒரு மாத இடைவெளியில் மூன்று நான்கு தடவை போகவேண்டி வரும்.

அப்ப மாமிக்கு ஏன் இப்படி ஆனது?

எங்கட தோலுக்குச் சூடு பட்டால் அது கறுப்பால் பதில் சொல்லும். நுளம்புக் கடியைச் சொறிந்தாலே மாதக்கணக்கில் அடையாளம் நிற்கிற தோல் இது. வைத்தியர்கள் தோலை ஆறு வகையாகப் பிரிக்கிற அளவுகோல் ஒன்று உண்டு, 1975இல் தோமஸ் பிற்ஸ்பற்றிக் எழுதியது. முதலில் அது வெள்ளைத் தோலுக்கான நான்கு வகைதான். மண்ணிறத்துக்கும் கறுப்புக்கும் பிறகுதான் இடம் கிடைத்தது. எங்களில் பெரும்பாலானோர் நான்கு, ஐந்தில் நிற்போம். அந்த வகைகளுக்கு லேசர் அடிக்கலாம். ஆனால் புள்ளிகளின் நெருக்கத்தைக் குறைத்து, இடைவெளியைக் கூட்டி, அதற்கு முதலும் பிறகும் வெயிலைத் தவிர்த்து அடிக்க வேண்டும். இன்னொன்று, மாமிக்கு இருந்தது வெறும் வெயில் கறுப்பு இல்லை, மெலாஸ்மா. ஹோர்மோன், ஒளி, சூடு எல்லாம் சேர்ந்து வருவது. லேசர் அதைக் கிளறிவிடக்கூடும் என்பது தோல் வைத்தியர்களுக்குப் பழைய செய்தி.

மாமியிடம் அன்று யாரும் "என்ன வேலை செய்யிறீங்கள்?" எண்டு கேட்கவில்லை. வீட்டில் என்ன கிரீம் பூசுறீங்கள் எண்டும் கேட்கவில்லை. அடித்த மூன்றாம் நாள் அவ திரும்பவும் கருவாட்டுப் பாயடியில் நின்றா. எங்களுக்கு ஆத்திரம் வந்த இடம் இதுதான். லேசர் இருந்த அறையில் வைத்தியர் இருந்தாரா என்பதே எங்களுக்கு இன்னும் சந்தேகம்.

வெயிலைப் பற்றியும் சொல்லவேணும். சித்திரை வருசப்பிறப்பை ஒட்டிச் சூரியன் திருகோணமலைக்கு நேர் உச்சியில் நிற்கும், ஆவணியிலும் ஒருக்கால் வரும். 'கறுத்த தோலுக்கு வெயில் ஒன்றும் செய்யாது' எண்டு எல்லா வீட்டிலும் சொல்லுவார்கள். அது பாதி உண்மை. சுருக்கம் எங்களுக்குப் பிந்தித்தான் வரும், நிறப் படை முந்தி வரும். 2012இல் ஒரு மருத்துவ இதழில் வந்த படம் ஒன்று பிரபலம்: 28 வருசம் ட்ரக் ஓடிய அமெரிக்கர் ஒருவரின் முகம், யன்னல் பக்கமான இடது பாதி மட்டும் பல வருசம் கிழண்டு கிடக்கும். கண்ணாடி ஒரு வகைப் புற ஊதாக் கதிரை மறிப்பதில்லை. எங்கட பஸ் சாரதிமாருக்கு அது வலது பக்கமாக இருக்கும். அடுத்த முறை முன் சீற்றில் இருந்தால் பாருங்கள்.

ஆகவே லேசரே வேண்டாம் எண்டு நாங்கள் சொல்லவில்லை. சொல்லப்போனால் எங்களுக்கு அது கூடுதலாக வேணும். இதே முறையை எரிகாயத் தழும்புக்கும் போர்க்காயத் தழும்புக்கும் பயன்படுத்துகிறார்கள். இறுகிப்போன தழும்பு இளகி, மடங்காத விரல் கொஞ்சம் மடங்கும். எங்கட மாவட்டத்தில் அப்படிக் கையோடும் முகத்தோடும் வாழுகிறவர்களை எண்ணத் தேவையில்லை, ஒவ்வொரு ஒழுங்கையிலும் இருக்கிறார்கள். அரச வைத்தியசாலைக்கு ஒரு லேசர் வருமெண்டால் முதல் வரிசை அவர்களுக்கு. கலியாண முகங்கள் பிறகு.

அதுவரைக்கும் படை உள்ளவர்கள் முதலில் அரச தோல் கிளினிக்குக்குப் போங்கோ. காசு இல்லை, வரிசைதான் நீளம். வெயிலில் வேலை செய்கிற அம்மாக்களுக்கு அகலத் தொப்பி வாங்கிக் கொடுங்கோ. சன் கிரீமும் நல்லதுதான். ஆனால் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் பூசுகிற அளவுக்கு வாங்க, கருவாட்டு வருமானம் காணாது.

கலியாணம் நடந்து முடிந்தது. போட்டோக்காரர் கணினியில் மாமியின் கன்னத்தைத் துடைத்து, நிறத்தையும் இரண்டு படி ஏற்றிவிட்டிருந்தார். அல்பம் வந்த அண்டு நாங்களும் அங்கே இருந்தோம். மாமி ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி, ஓரிடத்தில் நிறுத்தி, விரலை வைத்துக் கேட்டா: "மாப்பிள்ளைக்குப் பக்கத்தில நிக்கிற இது ஆர்?"