திருகில் ஆட்டம், சிலையில் கோணல்!

பெரம்பலூர் மாவட்டத்தில் பச்சைமலை அடிவாரத்தில் இருக்கும் ஊர் அரும்பாவூர். மரச் சிற்பத்துக்குப் பெயர் பெற்ற ஊர். சாமி சிலைகளும் தேர்ச் சிற்பங்களும் அங்கே உளியால் உருவாகின்றன. 2020-ம் ஆண்டில் அரும்பாவூர் மரச் சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

இன்று மரவேலையில் உளிக்குப் பக்கத்தில் புதிதாக ஒன்று வந்து நிற்கிறது. அதுதான் சி.என்.சி. எந்திரம். கம்ப்யூட்டரில் படத்தை வரைந்து கொடுத்தால், சுழலும் கத்தி அதன்படியே மரத்தைக் கடையும்.

பெரிய எந்திரத்தின் விலை லட்சக்கணக்கில் போகும். அவ்வளவு பணத்துக்கு ஏழைத் தொழிலாளி எங்கே போவான்? அதனால், மோட்டாரும் திருகும் இரும்புச் சட்டமும் வாங்கி, வீட்டிலேயே எந்திரம் செய்து கொள்ளும் வாலிபர்கள் உண்டு. பாராட்ட வேண்டிய முயற்சி! ஆனால் அவர்களில் பலர் ஒரே இடத்தில் ஏமாறுகிறார்கள்.

வட்டம் கெட்டது ஏன்?

வீட்டில் செய்த எந்திரத்தை வட்டம் வெட்டச் சொன்னால் வட்டம் சரியாக வருவதில்லை. நான்கு பக்கமும் சிறிது தட்டையாகி விடுகிறது. உடனே மோட்டார் மீது பழி விழுகிறது. புது மோட்டார் வாங்கக் கடன் வாங்குகிறார்கள். வட்டம் மட்டும் மாறுவதில்லை!

உண்மையான குற்றவாளி, திருகில் இருக்கும் ஆட்டம். பட்டறைக்காரர்கள் இதைப் ‘பேக்லாஷ்’ என்பார்கள்.

அரியலூர் சிமெண்டு ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிப் போகும் லாரி டிரைவர்களுக்கு இது எளிதில் விளங்கும். பழைய லாரியில் ஸ்டியரிங்கைக் கொஞ்சம் திருப்பினாலும் சக்கரம் திரும்பாது. இன்னும் கொஞ்சம் திருப்பினால்தான் திரும்பும். அந்த வீண் திருப்பம்தான் ஆட்டம். எந்திரத்திலும் அப்படியே. திசை மாறும்போது திருகு சுற்றுகிறது, நட்டு நகர்வதில்லை.

80 படி வீண்!

கடையில் கிடைக்கும் 8 மில்லிமீட்டர் மரைக் கம்பி ஒரு சுற்றுக்கு 1¼ மில்லிமீட்டர் நகர்த்தும். மோட்டார் ஒரு சுற்றை 200 படிகளாகச் சுற்றும். அப்படியானால், ஒரு படிக்கு நகர்வது மில்லிமீட்டரில் 160-ல் ஒரு பங்கு. நட்டில் அரை மில்லிமீட்டர் ஆட்டம் இருந்தால், திசை மாறும் ஒவ்வொரு முறையும் 80 படிகள் வீணாகும். இதற்கு மோட்டார் என்ன செய்யும்?

“மரத்துக்கு அரை மில்லிமீட்டர் பெரிதா?” என்று கேட்கலாம். கதவுச் சட்டத்துக்குப் பெரிதல்ல. சாமி முகத்தில் கண் ஓரத்துக்குப் பெரிது. வெட்டிய மரம் மீண்டும் வளராது!

மருந்து என்ன?

முதலில் அளக்க வேண்டும். டயல் கேஜை மேடை மீது பொருத்தி, மேடையை ஒரு பக்கமாக நகர்த்தி, முள்ளைப் பூஜ்யத்தில் வைக்க வேண்டும். பிறகு எதிர்ப்பக்கம் 1 மில்லிமீட்டர் நகரச் சொல்ல வேண்டும். முள் 0.7 காட்டினால், ஆட்டம் 0.3.

அடுத்து, திருகையும் மோட்டாரையும் இணைக்கும் இடத்தையும், திருகின் இரு முனை பேரிங்கையும் பார்த்து இறுக்க வேண்டும்.

பிறகும் ஆட்டம் இருந்தால், ஒரு நட்டுக்குப் பதில் இரண்டு நட்டுகள் போட்டு, நடுவே ஸ்பிரிங் வைக்கலாம். ஒரு நட்டு மரையின் ஒரு பக்கத்தையும் மற்றது மறு பக்கத்தையும் அழுத்தும். நட்டு தேய்ந்தாலும் ஸ்பிரிங் அதை ஈடுகட்டும். ஸ்பிரிங் அளவுக்கு மீறி இறுகினால் மோட்டார் திணறும். வசதி உள்ளவர்கள், உருண்டைக் குண்டுகள் மீது ஓடும் ‘பால் ஸ்க்ரூ’ போடலாம்.

மறைப்பது தீர்வல்ல

சில கம்ப்யூட்டர் புரோகிராம்கள், திசை மாறும்போது ஆட்டத்தின் அளவுக்குக் கூடுதலாகத் திருகைச் சுற்றும். “அது போதுமே!” என்று பலர் நினைக்கிறார்கள். போதாது. கத்தி மரத்தைக் கவ்வி இழுக்கும்போது, தளர்ந்த மேடை இழுத்த பக்கம் போகும். அதைப் புரோகிராம் பிடித்து நிறுத்த முடியாது. நட்டுதான் பிடிக்க வேண்டும்.

ஆகவே, கையில் இருக்கும் பணத்தை முதலில் நட்டுக்கும் பேரிங்குக்கும் செலவிட வேண்டும். பெரிய மோட்டார் பிறகு வரட்டும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். எந்திரம் கடைந்த சிலையை எந்திரம் கடைந்தது என்று சொல்லியே விற்க வேண்டும். உளி பிடித்துச் செதுக்கியவரின் கூலியில் அது கை வைக்கக் கூடாது. திருகின் ஆட்டத்தையும் மறைக்கக் கூடாது. சிலையின் பிறப்பையும் மறைக்கக் கூடாது!