வாய்க்கால் வண்டலின் உயிர்ப்பை அளந்தறிதல்

கோடையில் வாய்க்காலைத் தூர்வாரி, வண்டலை வண்டி வண்டியாக நிலத்திற் கொட்டுவது நம் குடியானவர்களின் தொன்றுதொட்ட வழக்கம். வண்டலின் நலத்தை நிறத்தாலும் மணத்தாலும் அறிந்து வந்தனர். ஊர்ச் சாக்கடையும் ஆலைக் கழிவும் கலவாதவரை அது போதுமானதாயிருந்தது. அழுகிய முட்டை நாற்றம், நெல்லின் வேருக்குத் தீங்கான கந்தக வாயுவைக் காட்டிக்கொடுக்கும். உப்புக்கும் நச்சு உலோகங்களுக்கும் நாற்றமில்லையே!

வண்டலில் வாழும் நுண்ணுயிர்களே சருகையும் சாணத்தையும் சிதைத்துப் பயிருக்கு உணவாக்குகின்றன. அவற்றை எண்ணிக் கணக்கிடுதல் மட்டும் போதாது. உறங்கிக் கிடப்பனவும் அக்கணக்கிற் சேர்ந்துவிடும். அவை செய்யும் வேலையின் அளவை அவற்றின் சுவாசமே தெரிவிக்கும். ஆதலின், இரசாயனப் பரிசோதனையுடன் சுவாசப் பரிசோதனையும் நடத்தல் வேண்டுமென்பது எமது கருத்து.

முறை கடினமன்று. கழிவு கலக்குமிடத்திற்கு மேலும் கீழும் ஒரே நாளில், ஒரே ஆழத்தில் வண்டல் எடுக்கவேண்டும். சம எடையாகக் கண்ணாடிக் குப்பிகளில் இட்டு, ஒரே நீரைக் காற்றுக்குமிழி இல்லாது நிரப்பி மூடி, இருட்டில் ஒரே வெப்பநிலையில் சில மணி நேரம் வைத்தல் வேண்டும். நீரிற் கரைந்த பிராணவாயு எவ்வளவு குறைந்தது என்பதை, 1888-ல் ஹங்கேரி நாட்டு இரசாயன அறிஞர் விங்க்ளர் வகுத்த முறையால் அளக்கலாம். வெறும் நீர் நிரம்பிய குப்பியொன்றையும், கொதிக்கவைத்த வண்டலிட்ட குப்பியொன்றையும் உடன் வைத்தால், உயிர்களின் பங்கு ஏறக்குறையப் பிரிந்து தெரியும். உயிரணுக்களின் சுவாசத்தால் நீலத்தினின்று இளஞ்சிவப்பாக மாறும் ரெசசூரின் என்னும் சாயத்தை ஓடைகளிலேயே விட்டு அளக்கும் முறையை 2008-ல் ஹாகெர்ட்டி முதலியோர் முன்மொழிந்தனர்.

ஓர் எச்சரிக்கை: சுவாசம் மிகுந்ததெல்லாம் நல்ல வண்டலாகாது. நஞ்சு மிகுந்தாற் சுவாசம் குன்றும். சாக்கடை மிகுந்தாலோ அளவின்றிப் பெருகும். மேல்மடையின் தூய வண்டலோடு ஒப்பிட்டே முடிவு காணவேண்டும்.

கிராம அதிகாரிகள் வண்டல் எடுக்க இசையுமுன் மாதிரிகளை ஆய்வுக்கூடத்திற்கு அனுப்புவதை வழக்கமாக்கிக் கொள்வார்களாக. முடிவு வரும்வரை வண்டி காத்திருப்பதில் நட்டமில்லை; உப்பேறிய நிலத்தை மீட்பதற்கோ பல போகங்கள் வீணாகும்.