விசிறிகள் சுழன்றால் மட்டும் போதுமா?

தீபாவளிக்கு வடக்கே ஊர் திரும்பும் நம்மில் பலர், ஈப்போவைத் தாண்டி மெனோரா சுரங்கப்பாதையைக் கடந்திருப்போம். ஏறத்தாழ 800 மீட்டர்தான்; ஒரு நிமிடம்கூட ஆகாது. இத்தகைய சுரங்கங்களின் கூரையில் தொங்கும் உருளை விசிறிகளை யார் கவனிக்கிறோம்? பொறியியல் படிக்க வந்த பிறகுதான் நானும் அண்ணாந்து பார்த்தேன்.

இவ்விசிறிகளைப் பற்றிப் பேசினால் நண்பர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறார்கள். "உயிர்தான் முக்கியம், எல்லாவற்றையும் ஓட விடு" என்பது ஒரு கட்சி. "மின்கட்டணம் யார் கட்டுவது? பாதியை அணைத்துவிடு" என்பது மறு கட்சி. இரண்டுமே தவறு என்பது என் கருத்து.

விசிறியின் வேகத்தை 80 விழுக்காடாகக் குறைத்தால், அது உண்ணும் மின்சாரம் ஏறக்குறைய பாதியாகிவிடும். இன்னொரு கணக்கையும் பாருங்கள். ஒரு விசிறி முழு வேகத்தில் தரும் உந்துவிசையை, நான்கு விசிறிகள் அரை வேகத்தில் தந்துவிடும். செலவாகும் மின்சாரமோ பாதிதான். ஆகவே சில விசிறிகளை அணைத்துவிட்டு மற்றவற்றை முழு வேகத்தில் விரட்டுவது சிக்கனமாகாது. எல்லாவற்றையும் மெதுவாக ஓட்டுவதே சிக்கனம். வீட்டுக்கு 'இன்வெர்ட்டர்' குளிரூட்டி தேடி வாங்கும் நமக்கு இது புரியாததல்ல.

வாகனங்கள் ஒரே திசையில் விரையும்போது அவையே காற்றைத் தள்ளிச் செல்கின்றன. அப்போது விசிறிக்கு வேலை குறைவு. நெரிசலில் வாகனங்கள் நின்றுவிட்டால் அந்த உதவியும் இல்லை, புகையும் கூடுகிறது. எனவே கடிகாரத்தைப் பார்த்து விசிறியை ஓட்டாமல், உள்ளே இருக்கும் காற்றை அளந்து ஓட்ட வேண்டும். அளக்கும் கருவியின் கண்ணாடியில் அழுக்குப் படிந்தால், இல்லாத புகைக்கும் விசிறி சுழலும். ஒரு துணியால் துடைப்பதும் மின்சிக்கனம்தான்! காற்று கூரையை உரசி வலுவிழக்காதபடி விசிறியின் வாயைச் சற்றே கீழ்நோக்கிச் சாய்த்தாலும் பலன் உண்டு.

"மின்சார வாகனங்கள் பெருகிவிட்டால் இத்தனை விசிறி எதற்கு?" என்று கேட்கலாம். அன்றாடத் தேவை குறையும், உண்மை. ஆனால் தீ? 1999ஆம் ஆண்டு மோன் பிளாங்க் சுரங்கத் தீயில் 39 பேர் மாண்டனர். அங்கே காற்றோட்ட வசதி இல்லாமல் இல்லை. அது இயக்கப்பட்ட விதமே புகை பரவத் துணை போனது. ஆகவே தீக்கென வைத்திருக்கும் திறனில் ஒரு விசிறியைக்கூடக் குறைக்கக் கூடாது. சேமிப்பை அன்றாட ஓட்டத்தில்தான் தேட வேண்டும்.

குறைந்த விலைக்கு வாங்கியதைப் பெருமையாகச் சொல்கிறோம். அதை இருபது ஆண்டுகள் ஓட்டும் செலவை யாரும் கேட்பதில்லை. நாளை குத்தகை ஆவணங்களில் கையெழுத்திடப் போகும் பொறியாளர்கள் நம்மிடையேயும் இருக்கிறார்கள். அந்தக் கேள்வியை அவர்களாவது கேட்கட்டும். அடுத்த முறை சுரங்கத்தைக் கடக்கும்போது நீங்களும் ஒரு முறை அண்ணாந்து பாருங்கள்.